பலூனுக்குள் அடங்காத பெயர்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே உடம்புக்குக் குறை ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முகம் சுளிக்கிறது. உங்கள் இரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறதா? உப்பைக் குறைத்துவிட்டதாக நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. உங்கள் மகளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு விஷயம். உங்கள் அண்ணன் வரைந்து வைத்துவிட்டுப் போன படக்கதையைத் தனிப் புத்தகமாகப் போட விரும்புகிறார்கள். அதை வெளியிட்ட வார இதழ்க்காரரின் மகள் வந்திருந்தாள். இதழை மூடிவிட்டார்கள், இவள் பதிப்பகம் நடத்துகிறாள். நல்ல பெண். நாற்காலியைத் தரையில் இழுக்காமல் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்து மூலப் படங்களை எடுத்துக் காட்டினேன். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். அதுவரை எல்லாம் சரி. பிறகு அட்டையின் மாதிரியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கொட்டை எழுத்தில் ‘பொத்தான்’ என்றிருந்தது.

“இது என்னம்மா?”

“புஸ்தகத்தோட பேரும்மா.”

“அவனோட பேரு பராக்கிரம சேனன். கடைசி வாரம் வரைக்கும் தலைப்புல அதுதான் வந்துச்சு.”

“தலைப்பை யாரும்மா படிச்சாங்க? பொத்தான் கதை வந்துடுச்சான்னுதானே கடையில கேப்பாங்க?”

“கேக்கறவங்க கேக்கட்டும். அட்டையில அச்சாகக் கூடாது.”

பராக்கிரம சேனன் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு கோட்டைக் காவல் தலைவனுக்குப் பொருத்தமான, மரியாதையான பெயர். என் கையெழுத்து இல்லாமல் புத்தகம் அச்சேறாது. அந்தப் பெண்ணுக்கு நீங்களும் ஒரு வரி எழுதினால் நல்லது. பாலங்கள் கட்டியவர், பெரிய பதவியில் இருந்தவர். உங்கள் பேச்சுக்கு எடை உண்டு.

பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு. குளிரில் தலையில் துணி கட்டாமல் வெளியே போக வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணி

*

ஜனவரி 21

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உப்பு விஷயத்தில் எதிரியின் ஒற்றர் என் வீட்டிலேயே சோறு தின்பது இப்போதுதான் தெரிந்தது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கீழ் அறைக்குக் கட்டிலை மாற்றுங்கள் என்று போன வருடமே சொன்னேன்.

அண்ணன் புத்தகம் வருகிறது என்றதும் அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அண்ணி, பராக்கிரம சேனன் என்று ஒருவனை எனக்குத் தெரியாது. குட்டையாக, தொப்பையோடு, சட்டையின் மேல் பொத்தான் எப்போதும் திறந்து கிடக்க, கோட்டை வாசலில் நின்றபடியே தூங்கும் ஒருவனைத் தெரியும். சமையற்காரன் முதல் எதிரி மன்னன் வரை எல்லாரும் அவனைப் பொத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது ராணி ஒருத்திதான். அந்த ராணி மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். எதிரி அனுப்பிய போர் ஓலையில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவாள். அவள் யார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு எழுதுகிறேன். என்ன எழுதுவது என்றுதான் யோசிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்

*

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். பலன் சுமார். உங்கள் மகள் உண்மையை எழுதிவிட்டாள். ஊறுகாய் பாட்டிலைப் புத்தக அலமாரியில் மறைக்கும் வயதா உங்களுக்கு?

ராணிக்கு என் மூக்கு இல்லை. இதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செல்லப்பெயர் கதைக்குள் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் அண்ணன் பென்சிலால் கட்டம் போட்டு, ஆட்களை வரைந்து, அவர்கள் பேசுவதற்கான பலூனையும் வரைந்து என்னிடம் தருவார். நான் மை தொட்டு எழுதுவேன். கன்னியர் பள்ளியில் அடிக்கோலால் தட்டித் திருத்திய கையெழுத்து என்னுடையது. முதல் வாரமே தகராறு.

“இந்தப் பேரை ரெண்டா ஒடச்சு எழுதேன்” என்றார்.

“பேரை ஒடைக்கக் கூடாது.”

“பலூன் கொள்ளலையே!”

“பலூனைப் பெருசு பண்ணுங்க.”

“பெருசு பண்ணினா ஆள் தலை மறையுது.”

“தலையைக் கீழ இறக்குங்க.”

பராக்கிரம சேனன் குட்டையானது அப்படித்தான். அதற்கு மேல் இறக்கினால் ஆளே இருக்கமாட்டான் என்ற நிலையில், ஒரு நாள் பலூன்களைச் சின்னதாக வரைந்து கொண்டுவந்தார். “செல்லமா ஒரு சின்னப் பேர் வெச்சிருக்கேன்” என்றார். என்ன பேர் என்று கேட்டேன். சொன்னார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மைக்கூட்டைப் பார்த்தார். கதைக்குள் தானே என்று எழுதினேன்.

நான் மருமகளாக வந்தபோது அந்த வீட்டில் அந்தப் பெயரால் யாரைக் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. அட்டையில் அது வரக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை எழுத எனக்கு விருப்பமில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

கண் பரிசோதனைக்குப் போனீர்களா?

இப்படிக்கு,
அண்ணி

*

பிப்ரவரி 24

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களிடமிருந்து வந்த வரிகளில் ‘அண்ணி சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி’ என்றிருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, ஐயா?

இரண்டாம் முறையும் அம்மாவைப் பார்க்கப் போனேன். தேநீர் கொடுத்தார்கள். என் அட்டை மாதிரியில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லை என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார்கள். சரி, மனம் இளகிவிட்டது என்று நினைத்து, “ஏம்மா அந்தப் பேர் மேல இவ்வளவு கோபம்?” என்று கேட்டேன்.

“கோபம் இல்லடி பொண்ணே. அந்தப் பேரால ஒருத்தர் ஊர விட்டே போயிட்டார். இன்னமும் உயிரோட இருக்கார். கடைக்குக் கடை அதைத் தொங்கவிட்டு அவரை நான் மறுபடி நோகடிக்கணுமா?” என்றார்கள். யார் என்று கேட்டேன். கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

மே மாத முடிவுக்குள் அட்டை முடிவாக வேண்டும். அதற்குப் பிறகு அச்சகம் வேறு வேலைக்குப் போய்விடும். இந்தப் புத்தகத்துக்கு அங்கே நான் இன்னொரு முறை நாள் வாங்க முடியாது. மூலப் படங்கள் ஓரத்தில் பழுப்பேறத் தொடங்கிவிட்டன. வேறு பெயரில் போட்டால் எங்கள் விற்பனையாளர்கள் எடுக்கவே மாட்டோம் என்கிறார்கள். ஊரை விட்டுப் போன அந்த ஒருவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்தால் அவரிடம் நீங்களே பேசிப் பார்க்க முடியுமா?

நன்றியுடன்,
பதிப்பகத்திலிருந்து

*

மார்ச் 5

அண்ணிக்கு,

கண் பரிசோதனை ஆயிற்று. இடக்கண்ணில் புரை, அவசரமில்லை என்றார்கள். மற்றபடி சௌக்கியம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பேச்சை நான் மீறியதில்லை; இந்த ஒரு தடவை மீறுகிறேன். ஊரை விட்டுப் போனவன் நானா?

உங்கள் கொழுந்தன்

*

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம். ஜலதோஷம் என்று எழுதலாம். ஆனால் அது ஒரு வாரத்தில் போய்விட்டது. கண்ணைத் தள்ளிப்போட வேண்டாம். நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டுவிட்டீர்கள், எழுதிவிடுகிறேன்.

உங்கள் முதல் பாலத்தின் திறப்பு விழா. நானும் உங்கள் அண்ணனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பெரிய அதிகாரிகள் பக்கத்தில் நீங்கள் டை கட்டிக்கொண்டு நின்றீர்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது சாரத்தின் உச்சியிலிருந்து ஒரு தொழிலாளி, அவன் பின்பாக்கெட்டில் சுருட்டிய வார இதழ் எனக்குத் தெரிந்தது, தொண்டை கிழியக் கத்தினான்: “பொத்தான் சார்! இங்க மேல பாருங்க, பொத்தான் சார்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரிகள் சிரித்தார்கள். உங்கள் அண்ணனும் சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தார். நான் அவர் கையைக் கிள்ளினேன். நீங்கள் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, தலையைக் குனிந்து, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தீர்கள். அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரத்துக்குப் போனீர்கள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்தீர்கள்.

அந்தப் பேரை வீட்டில் நிறுத்தினேன். பத்திரிகையில் நிறுத்த முடியவில்லை. அட்டையில் நிறுத்துவேன். புத்தகம் வராமல் போனாலும் சரி.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணி

*

ஏப்ரல் 20

என் அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து, “என்னப்பா, பெரியம்மா திட்டிட்டாங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பாமல் ஊறுகாயைத் தேடப் போய்விட்டாள்.

அன்று நான் கண்ணைத் துடைத்தது உண்மை. ஆனால் நீங்கள் நினைத்த அழுகை அல்ல அது.

அந்தத் தொழிலாளர்களுக்கு அந்தப் பேரைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இதழ் வரும் நாளில் கொட்டகையில் உட்கார்ந்து அவர்களுக்குப் படித்துக் காட்டுவேன். “இந்தப் பொத்தான் யார் தெரியுமாடா? நான்தான்! எங்க அண்ணன் சட்டைப் பொத்தானை முழுங்கி வீட்டையே அலற வெச்சவன்” என்று பீற்றிக்கொள்வேன். சாரத்தில் நின்றானே, அவனிடம் “எங்க அண்ணன் வருவார், அவர் காதுல விழற மாதிரி கூப்பிடு” என்று நான்தான் சொல்லி ஏற்றியிருந்தேன். அதைக் கேட்டால் அண்ணனும் என்னை ஒரு தடவை கூப்பிட்டுவிடுவார் என்று ஆசை. அவர் வாயைத் திறந்ததை நானும் பார்த்தேன்; கூப்பிடாமலே மூடிக்கொண்டதும்தான் என் கண் கலங்கியது. ஏன் மூடிக்கொண்டார் என்று இத்தனை வருடம் கழித்து இன்றுதான் தெரிந்தது. நீங்கள் கிள்ளினால் பலமாகத்தான் கிள்ளியிருப்பீர்கள்.

மாற்றல் வேறு விஷயம். இங்கே பெரிய பாலம் கட்டினார்கள், பதவி உயர்வு கொடுத்தார்கள், வந்தேன். அவ்வளவுதான்.

என் நியமன உத்தரவு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கூடத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்து, “இனிமே இந்த வீட்டுல யாரும் இவரை வாய்க்கு வந்தபடி கூப்பிடக்கூடாது. இன்ஜினியர்னு சொல்லணும்” என்றீர்கள். அம்மா பயந்துபோய்த் தலையாட்டினாள். எனக்கு அன்று ஓர் அடி உயரம் கூடியது. என்னை அப்படி மதித்தவர் அந்த வீட்டில் நீங்கள் ஒருவர்தான். அதை இப்போதும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அண்ணனுக்கு ‘இன்ஜினியர்’ வாயில் நுழையவில்லை. மற்றதை நீங்கள் தடுத்துவிட்டீர்கள். அதனால் என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், “இந்தா”, “கேட்டியா” என்றே காலத்தை ஓட்டினார். படக்கதை தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இங்கே வந்த பின் எனக்குக் கடிதம் எழுதியதெல்லாம் நீங்கள். கடைசியில் ‘உங்கள் அண்ணனும் விசாரித்தார்’ என்று ஒரு வரி வரும். அவர் கைப்பட ஒரு வரி வந்ததில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை, அண்ணி. வாரா வாரம் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு டைபாய்டு வந்தபோது கோட்டை முற்றுகைக்கு நடுவே மருத்துவர் ஓடிவந்து, “பொத்தான், காய்ச்சல் விட்டுதா?” என்று கேட்டார். மகள் பிறந்தபோது, “பொத்தானுக்கு இனிமே தூக்கம் ஏது!” என்று காவலர்கள் பேசிக்கொண்டார்கள். என் மனைவி இறந்த பிறகு வந்த இதழில் கதையே இல்லை. பொத்தான் கோட்டைச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் சமையற்காரன் வந்து உட்கார்ந்து, “பொத்தான்” என்கிறான். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

அத்தனையையும் எழுதியது உங்கள் கை.

அண்ணன் போன பிறகு நான் எல்லாருக்கும் அப்பா, தாத்தா, சார், ஐயா. நல்ல மரியாதைதான். ஆனால் அந்தப் பேரில் என்னைக் கூப்பிட ஆளே இல்லாமல் போய்விட்டது. அட்டையில் போட்டால், ஏதாவது ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அது என்னைப் பார்க்கும். நான் கேட்பது அவ்வளவுதான். பராக்கிரம சேனன் என்று யாராவது வந்து உரிமை கேட்டால், அவருக்கு வேறு புத்தகம் போட்டுக் கொடுப்போம்.

நன்றாகச் சாப்பிடுங்கள். முழங்காலைக் கவனியுங்கள்.

உங்கள் கொழுந்தன்

*

மே 11

அண்ணிக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உங்கள் பக்கத்து வீட்டாரிடம் தொலைபேசியில் கேட்டேன். “அம்மா நல்லா இருக்காங்க, காலையில நாங்க வாசல் கூட்டுறது சரியில்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க” என்றார்கள். நிம்மதி.

கோபமா? அளவுக்கு மீறி எழுதிவிட்டேனா? புத்தகம் உங்கள் விருப்பப்படியே வரட்டும். அந்தப் பெண்ணுக்கு அப்படியே எழுதிவிடுகிறேன். நீங்கள் பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள் கொழுந்தன்

*

மே 23

அன்புள்ள பெண்ணுக்கு,

நலமாக இரு. நானும் அப்படியே.

கையெழுத்திட்ட ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. அதில் நான்காம் பத்தியில் இரண்டு பிழைகளைத் திருத்தியிருக்கிறேன்.

அட்டையில் ‘பொத்தான்’ என்றே வரட்டும். என் கொழுந்தனார் வேறுவிதமாக எழுதியிருந்தால் அதைக் கிழித்துப் போடு. ஆனால் உன் இயந்திர எழுத்து வேண்டாம். நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். பழைய பேனா, புது மை. நிறையத் தாள் வீணாயிற்று. பெரிதாக்கிக்கொள்ளலாம், தடிக்க வைக்கக்கூடாது. கடைசிப் புள்ளி முழு வட்டமாக இல்லை. உன் அச்சகத்து ஆள் அதைச் சரிசெய்ய வருவார். விடாதே. என் கை இப்போது அப்படித்தான் புள்ளி வைக்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

பராக்கிரம சேனன் உள்ளேயே இருக்கட்டும். ராணி கூப்பிடும்போது வருவான்.

இப்படிக்கு,
அம்மா

*

ஜூன் 3

என் தம்பிக்கு,

நான் சௌக்கியம். நீ கண்ணுக்கு நாள் குறித்துவிட்டாய் என்று உன் மகள் எழுதினாள். இந்தக் கடிதத்தில் மரியாதை குறைந்திருக்கிறதே என்று அவள் கேட்டால், பெரியம்மா யோசித்துத்தான் எழுதினாள் என்று சொல்.

கோபமில்லை. உன் கடிதம் வந்த பிறகு அலமாரியைத் திறந்து மூலப் படங்களை முதல் வாரத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். அதில்தான் நாள் போயிற்று. காய்ச்சல் விட்டுதா என்று மருத்துவர் கேட்கும் கட்டத்துக்காக நான் உன் அண்ணனோடு சண்டை போட்டது நினைவு வந்தது. “முற்றுகைக்கு நடுவுல டாக்டர் எங்கேர்ந்து வந்தார்? கதைக்கு ஒட்டலையே” என்றேன். “வந்துட்டுப் போகட்டுமே” என்றார். நீ டைபாய்டில் படுத்திருப்பதாக உன் மனைவி எழுதிய கடிதம் அன்று மேசைமேல்தான் கிடந்தது. எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சுவர்மேல் இருவரும் உட்கார்ந்திருக்கும் கட்டத்தில் பலூனைப் பெரிதாக வரைந்து, அதில் ஒரே ஒரு சொல்லை எழுதச் சொன்னார். “இவ்வளவு வெற்றிடம் விட்டா அசிங்கமா இருக்கும்” என்றேன். “இருக்கட்டும். அந்த எடம் வேணும்” என்றார். நான் நடுவில் எழுதினேன். அவர் தாளை என்னிடமிருந்து வாங்கி, மை காயும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னது தவறு என்று நான் எழுதப் போவதில்லை. நீயும் எதிர்பார்க்காதே. இன்ஜினியரை இன்ஜினியர் என்றுதான் சொல்ல வேண்டும். கிள்ளியது வேண்டுமானால் கொஞ்சம் அதிகம்.

புத்தகம் அடுத்த மாதம் வருகிறது. பதிப்பகத்துப் பெண் சின்னதாக ஒரு கூட்டம் வைக்கிறாள். முதல் பிரதியை நான் உனக்குக் கொடுக்க வேண்டுமாம். “மேடையில அவரை எப்படிம்மா கூப்பிடுவீங்க?” என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருடம் எழுதிய சொல், வாயால் சொல்ல வரவில்லை. கை பழகிய அளவுக்கு நாக்கு பழகவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் வந்தது. அடுக்களையில் நின்று சொன்னபோது நன்றாகவே வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக, “என்ன அக்கா தேடறீங்க? ஊசிநூல் வேணுமா?” என்று கேட்டாள்.

கண் சரியானதும் புறப்பட்டு வா. கீழ் அறையில் உனக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறாயாமே, உன் மகள் எழுதியிருக்கிறாள். அதை மாட்டிக்கொண்டு வா. வாசலில் நின்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவேன். நீ திரும்பிப் பார்க்காவிட்டால் இன்ஜினியராகவே உள்ளே வரலாம்.

இப்படிக்கு,
அண்ணி